கமலாவின் தண்ணீர்

உளுந்தூர்பேட்டையில் கள்ளக்குறிச்சி பஸ் கிளம்பும்போது ஜன்னல் ஓரத்து இடத்தை நான் பிடித்துக்கொண்டேன். படம் வரையப் போகிறவன் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்று என் மனைவி கமலாவிடம் காரணமும் சொன்னேன். அவளும்தான் படம் வரைய வந்திருந்தாள். நடுவில் உட்கார்ந்து, தாள்களைச் சுருட்டி வைத்திருந்த தகரக் குழாயை மடியில் போட்டுக்கொண்டாள்.

பின்சீட்டில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். தியாகதுருகம் கோட்டை மலை தெரியத் தொடங்கியபோது சிரிப்பு அதிகமாயிற்று. கமலா பிறந்த வீட்டுக்கு அடுத்த வீடு தெலுங்குக்காரர்கள் வீடு, அவளுக்கு அந்தப் பேச்சு நன்றாகத் தெரியும். கள்ளக்குறிச்சியில் இறங்கியதும் என்ன பேசினார்கள் என்று கேட்டேன்.

"'ஜன்னலப் புடிச்சிக்கிட்டு மனுசன் தூங்கறான். முழிச்சிக்கிட்டு இருக்கற பொண்டாட்டி எட்டி எட்டிப் பாக்கறா'ன்னாங்க" என்றாள்.

நான் தூங்கியது உண்மை.

நான் கடலூரில் ஒரு வங்கியில் குமாஸ்தா. முப்பத்தாறு வயதில் திடீரென்று எனக்குப் படம் வரைய ஆசை வந்தது. ஐந்து வருடம் அதைச் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பாண்டிச்சேரிக்குப் போய் லூர்து டீச்சர் என்பவரிடம் நீர்வண்ணம் கற்றுக்கொண்டேன். கமலா துணைக்கு வந்தாள். நான் வகுப்பில் இருக்கும் நேரத்தில் மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வருவாள். ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டதால் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். சும்மா இருப்பானேன் என்று டீச்சர் அவள் கையிலும் ஒரு தாளைக் கொடுத்துவிட்டார்.

அன்றைய பாடம் ஒரு படத்தைப் பார்த்து வரைவது. ஏதோ ஒரு வெளிநாட்டுப் படத்தின் அச்சுப் பிரதி. மேகம் மூடிய காலை, ஓர் ஆற்றங்கரை, கரையில் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண். படம் முழுக்க ஒரே மங்கல். டீச்சர் எங்களுக்கு மூன்றே வண்ணங்கள் கொடுத்தார்: ஒரு நீலம், ஒரு செங்காவி, ஒரு மஞ்சள் காவி. கறுப்பு கிடையாது, வெள்ளையும் கிடையாது. நீலத்தையும் செங்காவியையும் குழைத்தால் சாம்பல் வரும், அந்தச் சாம்பலை வைத்தே தண்ணீர், வானம், ஆள் எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும்.

நான் ஆற்றை அளவெடுத்து வரைந்தேன். கமலா தாளை முழுவதும் நனைத்துவிட்டு, வண்ணத்தை அதன் போக்கில் ஓடவிட்டாள். பாதி காய்ந்ததும் தூரிகை நுனியால் அந்தப் பெண்ணை நாலே கோடுகளில் நிறுத்தினாள். டீச்சர் என் தாளைத் தாண்டிப் போய் அவள் தாளின் முன்னால் நின்றார். வெகு நேரம் நின்றார்.

"சார், உங்க தண்ணிய தொட்டா கை காஞ்சே இருக்கும். இவங்க தண்ணிய தொட்டா நனைஞ்சிடும்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த பாடம் அவரவர் ஊர்ப் பக்கத்தில் அதே மாதிரி ஒரு மங்கலான நீர்க்கரையைத் தேடி, ஒரே ஓர் ஆளை வைத்து வரைந்து வருவது. வகுப்பிலிருந்து ஒரு படம் மட்டும் பாண்டிச்சேரியில் நடக்கவிருந்த ஒரு கண்காட்சிக்குப் போகும். அந்த ஒரு படம் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று நான் ஒரு வாரம் விடுப்பு எடுத்தேன். கமலாவின் அக்கா விசாலம் கோமுகி அணைப் பக்கத்துக் குடியிருப்பில் இருந்தாள். அவள் கணவர் தண்டபாணிக்கு அணையில் மதகு பார்க்கும் வேலை. ஒன்பது வயது மகளைக் கடலூரில் என் அக்கா வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். "அக்கா வூடுதான, நானும் வர்றேன்" என்று கமலா சொன்னபோது வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

எண்பதுகளின் பின்பாதி அது. வட மாவட்டங்களில் இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் சூடாகிக்கொண்டிருந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து அணைக்குப் போக ஏறிய கச்சிராயபாளையம் பஸ்ஸில் முன்னால் இருந்தவர் கண்டக்டரிடம் கேட்டார்: "இன்னாபா, பஸ்ஸெல்லாம் நிறுத்தப் போறாங்களாமே?" கண்டக்டர், "அது உங்க ஊர்ல மரம் எத்தினி இருக்குதோ அதப் பொறுத்து" என்றார். எனக்கு அப்போது அந்தப் பதில் புரியவில்லை.

அன்று மத்தியானம் விசாலம் கெண்டை மீன் குழம்பு வைத்திருந்தாள். எங்கள் கடலூரில் கடல் மீன்தான். அணை மீனில் லேசாக ஒரு சேற்று வாசம் அடிக்கும், அதற்குப் பரிகாரமாகப் புளியையும் பூண்டையும் அள்ளிப் போடுகிறார்கள். கூடவே வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு. தண்டபாணி கிழங்கைக் குழம்பில் தோய்த்துத் தின்றபடி, "இன்னா சகல, படம் போடப் போறீங்களாமே? பொண்டாட்டி, புருசன் ரெண்டு பேருமா?" என்றார்.

"நான் வரையப் போறேன். இவளும் கூட வரைவா" என்றேன்.

விசாலம் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். கமலா முள்ளை எடுப்பதில் மும்முரமாக இருந்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் கல்வராயன் மலைமேல் இருக்கும் கரியாலூருக்குப் போனோம். அணையில் தேங்கியிருக்கும் தண்ணீரை வரைந்து என்ன ஆகப் போகிறது, அருவியை வரைந்தால்தான் டீச்சர் அசந்துபோவார் என்பது என் கணக்கு. பஸ் ஒரு வளைவில் திணறி நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கி மேட்டில் நடந்தோம், பஸ் காலியாக எங்கள் பின்னால் முனகிக்கொண்டு வந்தது. கடுக்காய் மூட்டைக்காரர் ஒருவர் மட்டும் மூட்டையை விட்டு இறங்க மாட்டேன் என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தார். மேலே போனதும் கடலூர் வெயிலை மறந்துவிட்டோம். செப்டம்பர் மாதம், மேகம் ரோட்டிலேயே நடந்து வந்தது.

டீக்கடையில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கிடைத்தன. கடைக்கார அம்மா கமலாவிடம், "அருவி படம் புடிக்க வந்தீங்களா? பெட்டி எங்க?" என்று காமிராவைக் கேட்டாள். "கையில போடற படங்க" என்றாள் கமலா. "அது எதுக்கு, அருவி இங்கதான இருக்குது. வேணும்னா வந்து பாத்துக்க வேண்டியதுதான" என்றாள் அந்த அம்மா.

அருவிக்கு எதிரே பாறையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் போராடினேன். வெள்ளை வண்ணம் இல்லாமல் வெள்ளைத் தண்ணீரை எப்படி வரைவது? தாளின் வெண்மையை அப்படியே விட வேண்டும். நான் விட்ட இடமெல்லாம் கிழிந்த வேட்டி தொங்குவதுபோல இருந்தது. கமலா தாளை எடுக்கவே இல்லை. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "இங்க வேணாங்க. இந்தத் தண்ணி ரொம்ப சத்தம் போடுது. டீச்சர் குடுத்த படத்துல தண்ணி பேசாம இருந்துச்சி" என்றாள்.

அவள் சொன்னது சரி. அது சரி என்று எனக்கும் ஒரு மணி நேரமாகத் தெரியும். ஆனால் அவள் சொன்ன பிறகு ஒத்துக்கொள்ள முடியவில்லை. இன்னும் இரண்டு தாள்களைப் பாழாக்கிவிட்டுத்தான் எழுந்தேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் அணைக்கரைக்குப் போனோம். காற்றே இல்லை. மலைகள் இருக்கும் பக்கம் வெறும் சாம்பலாக இருந்தது, வானம் எங்கே முடிகிறது தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. கோவிந்தன் என்ற மீன்காரர் பரிசலைக் கரையேற்றிவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்று வலையைக் கழுவிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். எப்போதோ பனைமரத்திலிருந்து விழுந்ததில் அவருடைய இடது தோள் இறங்கி இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நிற்க முடியுமா என்று கேட்டேன்.

"நின்னா மீனு கெட்டுடுங்க. வேல செஞ்சிக்கினே நிக்கறேன், நீங்க பாட்டுக்குப் போடுங்க" என்றார்.

நாங்கள் பத்தடி இடைவெளியில் உட்கார்ந்தோம். நான் முதலில் கோவிந்தனைப் பென்சிலில் கவனமாக வரைந்துகொண்டேன். தலை, கழுத்து, கை, விரல்கள், வலையின் கண்ணிகள் எல்லாம். பிறகு சுற்றிலும் தண்ணீரை நிரப்பினேன். இடையிடையே கழுத்தை நீட்டிக் கமலாவின் தாளைப் பார்த்தேன். அவள் வழக்கம்போலத் தாளை நனைத்துவிட்டு, எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த முறை பார்த்தபோது தாளில் அணை வந்திருந்தது. நான் திரும்பியிருந்த ஐந்து நிமிடத்தில் எப்படி வந்தது என்றே தெரியவில்லை.

மீனை விற்றுவிட்டுத் திரும்பி வந்த கோவிந்தன் இரண்டையும் பார்த்தார். என் படத்தைச் சுட்டி, "இது யாருங்க?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். கமலாவின் படத்தில் அந்த ஆள் கட்டைவிரல் உயரம்கூட இல்லை. முகம் கிடையாது, விரல்கள் கிடையாது. ஆனால் இடது தோள் இறங்கி இருந்தது. கோவிந்தன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் தோளைத் தானே ஒரு முறை தொட்டுக்கொண்டார்.

"இந்தத் தோளு இம்மாந் தூரத்துக்குத் தெரியுதுங்களா?" என்றார்.

"தெரியுதுங்க" என்றாள் கமலா.

எனக்கு வயிறு எரிந்தது. உவமைக்காகச் சொல்லவில்லை. விலா எலும்புக்குக் கீழே நிஜமாகவே ஓர் எரிச்சல் இருந்தது. நான் வாங்கிய வண்ணம், நான் வாங்கிய தாள், நான் கட்டும் ஃபீஸ். ஐந்து வருடமாகப் படம் வரைய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். மழை பெய்ததால் வகுப்பில் உட்கார்ந்தவள் அவள்.

அன்று சாயங்காலம் அவள் தன் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என்னைக் கேட்டாள். எப்போதும் கேட்பாள், படிப்பு, பணம், டாக்டர் எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் கேட்பாள். "இதுல ஏதாவது கொறையுதாங்க?"

எதுவும் குறையவில்லை.

"பின்னாடி வெறுமையா இருக்குது. மலை இருக்கறதே தெரியல. நல்ல பச்சையா மலையப் போடு. அப்பதான் இது கல்வராயன் மலைன்னு தெரியும்" என்றேன்.

"டீச்சர் மங்கலாத்தான இருக்கணும்னாங்க?"

"டீச்சர் இங்க வந்து பாத்தாங்களா? நான் சொல்றேன், போடு."

அவள் சற்று யோசித்தாள். பிறகு நீலத்தையும் மஞ்சளையும் குழைத்துப் பச்சையாக மலையைப் போட்டாள். நான் சொன்னதால் போட்டாள். அந்தப் பச்சை வந்ததும் படம் டீக்கடைக் காலண்டர் மாதிரி ஆகிவிட்டது. கோவிந்தன் எங்கோ காணாமல் போனார். அவள் முகம் சிறுத்தது. நான் கை கழுவப் போய்விட்டேன். மனசு நிம்மதியாக இருந்தது, அன்று சோறு கூடுதலாகவே இறங்கியது. இதை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

நாலாம் நாள் காலை நான் எழுந்தபோது அவள் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தாள். ஈரப் பஞ்சை மலையின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். பச்சை வண்ணம் பஞ்சோடு வந்துவிட்டது. ஆனால் முழுவதுமாக வரவில்லை. போனது போக மிஞ்சிய கறை, மேகத்துக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்பட வைக்கும் அளவுக்குத் தாளில் தங்கிவிட்டது. பச்சை போடுவதற்கு முன்பு இருந்ததைவிடவும் இப்போது படம் நன்றாக இருந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் பல் துலக்கப் போனேன்.

அப்போது தண்டபாணி சைக்கிளில் வேகமாக வந்தார். "சகல, ரோடெல்லாம் மரத்த சாச்சிட்டாங்க. கள்ளக்குறிச்சியில இருந்து ஒரு வண்டி வெளிய போவல. மெட்ராஸ் ரோடே நின்னுடுச்சாம்" என்றார். கண்டக்டர் சொன்னது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இரண்டு நாள் காத்திருந்தோம். அணை ஆபீஸ் போன் வேலை செய்யவில்லை. எங்கோ துப்பாக்கிச் சூடு என்றார்கள், எங்கோ வீடுகள் எரிகின்றன என்றார்கள், எது உண்மை என்று தெரியவில்லை. கமலா மகளை நினைத்து இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. "நடந்தே போலாங்க. நடக்கறவங்கள ஒண்ணும் பண்றதில்லயாம்" என்றாள். தண்டபாணி வயல்வழியாக ஒரு டிராக்டரில் எங்களைக் கள்ளக்குறிச்சி வரை கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து தியாகதுருகம் வரை பகலில் நடந்துவிடுவது, அதற்கப்புறம் பார்த்துக்கொள்வது என்று கிளம்பினோம்.

அந்தச் சாலையில் இரண்டு பக்கமும் புளியமரங்கள். வரும்போது ஜன்னலில் தூங்கியபடி நான் கடந்து வந்த மரங்கள் இப்போது வேரோடும் வெட்டுப்பட்டும் ரோட்டின் குறுக்கே கிடந்தன. சிலவற்றின் கிளைகளுக்கு அடியில் குனிந்து போனோம், சிலவற்றில் ஏறி இறங்கினோம். வண்டிச் சத்தமே இல்லாத நெடுஞ்சாலையை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. காக்கைகள் மட்டும் உட்கார இடமில்லாமல் கத்திக்கொண்டிருந்தன.

ஓர் ஏரிக்கரை ஓரமாக ரோடு போகும் இடத்தில் பெரிய மரம் ஒன்று கிடந்தது. அதன் மேல் போராட்டக்காரர்கள் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கீழே கல் கூட்டி ஒரு பெண் அண்டாவில் சாம்பார் சாதம் கிண்டிக்கொண்டிருந்தாள். ஏழுமலை என்ற இளைஞன் எழுந்து வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும், கசங்கிய பேண்ட் போட்டிருந்தான்.

"எங்க போறீங்க? இன்னா வேல பாக்கறீங்க?"

"கடலூர். பேங்க்ல இருக்கேன்."

"பேங்க்கா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தான். "நானும் பி.ஏ. முடிச்சிட்டு ரெண்டு தபா அந்தப் பரீட்ச எழுதினேன் சார். இப்ப கரும்பு வெட்டப் போய்க்கினு இருக்கறேன்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் என் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவை அவன் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. மூன்று நாளாக நான் கமலாவின் கையை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொழாயில இன்னா?" என்றான்.

"படங்கள். வரைஞ்ச படங்கள்."

திறக்கச் சொன்னான், திறந்தேன். சுருளில் மேலாக இருந்தது கமலாவின் படம். மரத்திலிருந்து இறங்கி வந்து ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். பேச்சு அடங்கியது. "கோமுகி டேமுதான் இது" என்றார் ஒருவர். இன்னொருவர் குனிந்து பார்த்துவிட்டு, "டேய், நம்ம மீன்காரக் கோவிந்தன்டா. தோளப் பாரு" என்றார். சிரிப்பும் ஆச்சரியமுமாகத் தாள் கைக்குக் கை மாறியது. ஒருத்தரும் அதைக் கசக்கவில்லை, ஓரத்தில் மட்டுமே பிடித்தார்கள்.

"யார் சார் வரஞ்சது?" என்று ஏழுமலை கேட்டான்.

"நான்தான்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் தவறிச் சொன்னதும் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இப்படி ஒரு பார்வைக்காகத்தான் ஐந்து வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தேன். கமலா ஏரியைப் பார்த்தபடி நின்றாள்.

"அப்ப எங்களயும் வரைங்க சார்" என்றான் ஏழுமலை. "மூணு நாளா இங்க குந்திக்கினு கெடக்கறோம். பேப்பர்காரன் ஒருத்தனும் இந்தப் பக்கம் வரல. நாங்க இருந்தோம்னு எதுலயாவது இருக்கட்டும்."

மறுக்க வழியில்லை. மரத்தடியில் தாளை விரித்தேன். அதுவும் மேகம் மூடிய காலைதான், ஏரித் தண்ணீரும் மங்கல்தான், டீச்சர் கேட்ட காட்சி தானாக வந்து அமைந்திருந்தது. முப்பது பேர் சுற்றி நின்று பார்க்க, வரைந்தேன். பென்சில் வழுக்கியது. மரம் சிமெண்டுக் குழாய் மாதிரி வந்தது. ஆட்கள் அதன் மேல் நட்ட முளைக்குச்சிகளாக வந்தார்கள். ஏரி ஒரு நீலப் பாய். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். முடித்து நிமிர்ந்தபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லாரும் தாளைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லாத்தான் இருக்குது சார்" என்றான் ஏழுமலை, எனக்காக.

அண்டா கிண்டிக்கொண்டிருந்த பெண் கரண்டியோடு வந்து இரண்டு படங்களையும் பார்த்தாள். "அத்தப் போட்ட கை வேற, இத்தப் போட்ட கை வேற" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள்.

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. "அது நான் வரைஞ்சது இல்ல. இவங்க வரைஞ்சது" என்று கமலாவைக் காட்டினேன்.

"அப்புறம் ஏன் சார் பொய் சொன்னீங்க?" என்றான் ஏழுமலை. நான் தூரிகையைக் கழுவிக் கமலாவிடம் நீட்டினேன். அவள் உடனே வாங்கவில்லை. ஏரியையும் மரத்தையும் அடுப்பையும் ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

நான் ஏரியில் தம்ளரை முக்கித் தண்ணீர் கொண்டுவந்தேன். அழுக்கானதும் மாற்றினேன். நாலைந்து முறை மாற்றியிருப்பேன். அவள் மரத்தை ஒரே இழுப்பில் கிடத்தினாள். மரத்தின் மேல் இருந்தவர்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல், மேகம் படிந்த ஒரு கும்பலாக விட்டாள். முன்னால், ஏரி ஓரத்தில், அண்டாவின் மேல் குனிந்திருக்கும் அந்தப் பெண்ணை மட்டும் அடர்த்தியாக வைத்தாள். புகை தண்ணீரின் மேல் போய்க் கலந்தது. எனக்கு அப்போதும் எரிந்தது. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஏழுமலை தேடிப் பார்த்தான். "நான் எங்கக்கா?"

"இந்தக் கும்பல்ல இருக்கீங்க தம்பி. ஒரு படத்துக்கு ஒரு ஆளுதான். எங்க டீச்சரு அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

அவன் முகம் வாடியது. அடுப்படிப் பெண்ணை அவன் பார்த்த பார்வையைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, மறைப்பானேன். அந்தப் பெண்ணோ படத்தை எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்து, "எம் மூஞ்சி இல்ல. ஆனா நான்தான்" என்றாள்.

படத்தைத் தங்களிடமே விட்டுப் போகச் சொன்னார்கள். கமலா கொடுத்துவிட்டாள். அவர்கள் எங்களுக்குப் பூவரச இலையில் சாதம் வைத்தார்கள். புகை வாசமும் கத்திரிக்காயும் கலந்த அந்தச் சாப்பாடு எந்த ஓட்டல் சாம்பார் சாதத்தைவிடவும் மேல். கமலா இரண்டு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். கிளம்பும்போது ஏழுமலை எங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பெரிய மரத்தைத் தாண்டி விட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் மாலை எப்படியோ கடலூர் சேர்ந்தோம். மகள் எந்தக் கவலையும் இல்லாமல் தெருவில் கட்டம் கிழித்துப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். சில வாரம் கழித்துக் கோவிந்தன் படம் பாண்டிச்சேரியில் கமலாவின் பெயரோடு மாட்டப்பட்டது. என் படத்தை டீச்சர் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். அதெல்லாம் பிற்பாடு. அந்த ஏரிக்கரையை விட்டு நடந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கோட்டை மலை தூரத்தில் தெரிந்தது. நடந்துகொண்டே கமலா கேட்டாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"வயித்தெரிச்சல்" என்றேன்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"டீச்சர் உங்கள்த தாண்டி வந்து என்னுதுகிட்ட நின்னாங்களே, அன்னியிலேருந்து. பஸ்ஸுல வீடு வர்ற வரைக்கும் நீங்க ஒரு வார்த்த பேசல."

"மலைய பச்சையாப் போடச் சொன்னது?"

"அது அப்பத் தெரியல. நீங்க சொல்றீங்களேன்னு போட்டேன்" என்றாள். "மறுநா காலையில பஞ்சு வச்சி எடுத்துக்கினு இருந்தப்ப, உங்க மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சிக்கிட்டேன்."

நான் தலை குனிந்து நடந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. சாதாரணமாகக் கேட்டாள்.

"நான் வரையறத வுட்டுடட்டுமாங்க? நெஜமாத்தான் கேக்கறேன். எனக்கு இது இல்லன்னாலும் ஓடிடும். உங்களுக்கு ஓடாது."

விட்டுவிடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விட்டுவிடுவாள். அவள் அப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும். எதிரே ஒரு மரம் கிடந்தது, கிளையைத் தூக்கிப் பிடித்தேன், அவள் குனிந்து போனாள். இன்னொரு மரத்தில் ஏறி, அவளுக்குக் கை கொடுத்து இறக்கினேன். அதற்கடுத்தது மிகவும் பெரியது, தாண்ட முடியாமல் வயலில் இறங்கிச் சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றி வந்தோம். மறுபடி தார் ரோட்டில் கால் வைத்ததும் சொன்னேன்.

"வேணாம். நீ வரை."

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"இத்தச் சொல்ல உங்களுக்கு ரெண்டு மரம் ஆச்சி" என்றாள்.

மூன்று. நான் எண்ணிக்கொண்டுதான் வந்தேன். அவளைத் திருத்தவில்லை.